இருபத்திநாலு மில்லிக் கம்பி

ஏனுங்க சார், கையில என்னங்க அது, எலுமிச்சம்பழமா? வாந்திக்கா? நல்லா இருக்குதுங்க கதை. இந்த வால்பாறை ரோட்டுல போற சனமே இப்படித்தான். ஆழியாறு செக்போஸ்ட்டு தாண்டறதுக்குள்ள ஆளுக்கொரு பழம், ஆளுக்கொரு கேரிபேக். வண்டி சாயுது, வயிறு பொரட்டுது. சாயாத வண்டியில போனா வயிறு எதுக்குங்க பொரட்டுது? இதச் சொன்னா ஒருத்தனுக்கும் ஏற மாட்டேங்குது.

சித்தத் தள்ளி உக்காருங்க. முன்னால இருக்கற இந்தச் சீட்டுக் கம்பியில இதக் கட்டிக்கறேன். ஒண்ணுமில்லீங்க, தூக்குக்குண்டு. செவுரு நேரா இருக்குதான்னு கொத்தனாரு பாப்பாருல்ல, அதேதான். பஸ்ஸு எவ்வளவு சாயுதுன்னு பாக்கலாம்னுதான் எடுத்துட்டு வந்தேன். நூல்ல முடிச்சா? ஆமா, ஒருக்கா அறுந்துபோச்சு. அது ஒரு பெரிய கதை. சொல்றேன், நாப்பது வளைவு இருக்குதில்ல, அதுக்குள்ள சொல்லிப்போடலாம்.

பொள்ளாச்சி மார்க்கெட்டு ரோட்டுல எடை மேடை வெச்சிருக்கறனுங்க. முப்பது வருஷம் ஆச்சு. தேங்காய் லாரி தூரத்துல திரும்பும்போதே இது இடது பக்கம் ரெண்டு டன்னு சேத்து ஏத்தியிருக்கான்னு சொல்லிப்போடுவேன். அப்பறம் மேடையில ஏத்திப் பாத்தா சொன்னது சொன்னபடி இருக்கும். அத்தனை வருஷமாச் சாயறதையே பாத்த கண்ணுங்க இது. எனக்கு வந்து பாடம் சொல்றாங்க, மெதுவாப் போ, மெதுவாப் போன்னு.

எங்க ஊட்டுக்காரி வசந்தாமணிதான் அதுல மொத ஆளு. இருபத்தெட்டு வருஷமா எனக்கு இடது கைப்பக்கம் உக்காந்து வர்றா. பழனி போனாலும் பழம், ஊட்டி போனாலும் பழம். ஒரே மகளுங்க எங்களுக்கு, மைதிலி. அவள வால்பாறையில குடுத்தோம். மாப்பிள்ளை எஸ்டேட்டு ஃபேக்டரியில ஆபீசரு, ஜெகதீசன்னு பேரு. கல்யாணத்துக்கப்பறம் மாசத்துக்கு ஒருக்கா இந்த மலையேறோணும். அப்ப ஆரம்பிச்சுது தலவலி. மூணாவது வளைவுல கண்ண மூடுனா அட்டகட்டி டீக்கடை வந்துதான் தொறப்பா. எறங்கி ஓரமா உக்காந்துக்குவா. கேட்டா ஒரே பேச்சுதான். "சித்த மெதுவாப் போனா ஒண்ணும் பண்ணாதுங்க." மெதுவாப் போறதுக்கு எதுக்குங்க காரு? மாட்டு வண்டி போதாதா?

நான் அவளாட்டம் புலம்பிட்டு உக்கார மாட்டேன். காரணத்தக் கண்டுபிடிப்பேன். நெட்டுல உக்காந்து ராத்திரியும் பகலும் வீடியோ பாத்தேன். ஸ்வே பாருன்னு ஒண்ணு இருக்குதுங்க, கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லையா? அதான பாத்தேன். காரு ஓட்டறவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூறு பேருக்குத் தெரியாது. காருக்கு அடியில, முன் சக்கரம் ரெண்டையும் சேத்துக் குறுக்க ஒரு வளைஞ்ச கம்பி இருக்கும். வளைவுல திரும்பும்போது வண்டி ஒரு பக்கம் அமுங்குதில்ல, அப்ப அந்தக் கம்பி முறுக்கிட்டு, சாய விடாமப் புடிச்சுக்கும். கம்பி தடிச்சா சாய்வு கம்மி. அவ்வளவுதான் விஷயம். என்ற காருல முன்னாடி இருபது மில்லிமீட்டர் தடிமன்தான். பின்னாடி கம்பியே இல்ல! கம்பியே இல்லாம ஒரு காரு, அதுல ஒரு குடும்பம்.

கோயமுத்தூர்ல டேவிட்டுன்னு ஒரு மெக்கானிக்கு. ரேஸ் வண்டிக்கெல்லாம் வேலை பாக்கறவன்னு சொன்னாங்க. போனேன். முன்னாடி இருபத்திநாலு மில்லி, பின்னாடி புதுசாப் பத்தொம்பது மில்லி, போடுன்னேன். ரேஸ் வண்டி பாத்தவன் என்னங்க சொல்லோணும்? சரிங்ணா சூப்பருங்ணான்னு சொல்லோணும். இவன் தாடியச் சொறியறான். "அண்ணா, வளைவுல நல்லா நிக்கும், அதுல சந்தேகமில்ல. ஆனா குழி ரோட்டுல வேண்டாமுங்ணா. ஒரு சக்கரம் குழியில விழுந்தா மத்தச் சக்கரத்தையும் சேத்து உலுக்கும். உள்ள இருக்கறவங்களுக்குத் தலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடும்"ங்கறான். ரேஸ் வண்டி மெக்கானிக்காமா!

இந்தக் குண்டையும் அவங்கிட்டக் காட்டுனேன். காருக் கண்ணாடிக்குக் கீழ கட்டி, வளைவுல அது நாலு வெரல் போகுது, அஞ்சு வெரல் போகுதுன்னு நோட்டுல எழுதி வெச்சிருந்தேன். அதப் பாத்துட்டுச் சிரிக்கறானுங்க. "அண்ணா, குண்டு வண்டி சாயறதக் காட்டாதுங்ணா. நீங்க வளைவுல எவ்வளவு வேகமாத் திரும்பறீங்களோ அதத்தான் காட்டும்"னான். எப்படி இருக்குது பாருங்க. முப்பது வருஷம் எடை மேடை வெச்சவனுக்கு, நோட்டுல கணக்கு எழுதுனவனுக்குச் சொல்றான். "கம்பியப் போடு"ன்னு மட்டும் சொன்னேன். போட்டான். கடைசியில பழைய கம்பியத் தொடைச்சு ஒரு மூலையில சாத்தி வெக்கறான். "இருக்கட்டுமுங்ணா, எதுக்கும் எடுத்து வெக்கறேன்"ங்கறான். தூக்கி இரும்புக் கடையில போடுடான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ஏனுங்க, ஜன்னல் தொறந்துதான் இருக்குதுங்களா? காத்தே வரலியே. சரி விடுங்க.

எதுக்கு இத்தனை அவசரம்னு கேக்கறீங்களா? மைதிலிக்கு ஏழாம் மாசம். கட்டுச்சோறு ஆக்கிட்டுப் போயி, வளையல் போட்டு, பொண்ண நம்ம ஊட்டுக்குக் கூட்டிட்டு வரோணும். மொதப் பிரசவம் தாய் ஊட்டுலதான். எங்க பக்கம் அது எவ்வளவு பெரிய காரியம்னு உங்களுக்கே தெரியும். மாசமா இருக்கற புள்ள நாப்பது வளைவு எறங்கோணும். அவ வயிறு குலுங்கக் கூடாது, அவ ஒரு பக்கம் சாயக் கூடாதுன்னுதான் நான் இத்தனையும் பண்ணுனேன். எனக்காவா பண்ணுனேன்? நல்லாக் கேட்டுக்கங்க, அவளுக்காகத்தான் பண்ணுனேன். தொட்டில் கொக்கி கூட ஆவணி பொறக்கறதுக்குள்ள அடிச்சாச்சு. நடு ரூம்புல, நானே ஏணி வெச்சு ஏறி அடிச்சேன்.

ஆவணி ரெண்டாவது வெள்ளிக்கிழமை. மழை அப்பத்தான் உட்டிருந்துது. புளிச்சோறு, தக்காளிச்சோறு, தேங்காச்சோறு, தயிர்ச்சோறுன்னு ஏழு போசி. வேனுல ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் முன்னாடி போயிட்டாங்க. போசியெல்லாம் என்ற காரு டிக்கியில. வசந்தாமணி முன்னாடி, என்ற பெரியக்கா பின்னாடி. ஏறுனமுங்க பாருங்க! அட அட அட. வளைவுல வண்டி தண்டவாளத்துல போற மாதிரிப் போகுது. ஒம்பதாவது வளைவுல எல்லாரும் வண்டிய நிறுத்தி வரையாடு பாப்பாங்கல்ல, அங்க நம்ம ஒறம்பரை வேன் நின்னுட்டு இருந்துது. நான் நிக்கல. ஆரன் அடிச்சுட்டே தாண்டிட்டேன். மேல போயி டிக்கியத் தொறந்து பாத்தா, புளிச்சோத்துப் போசி வெச்ச எடத்துல வெச்ச மாதிரியே இருக்குது. ஒரு பருக்கை செதறல. சம்பந்தி ஊட்டு ஆளுகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுனேன்.

பெரியக்காளா? அவ வண்டிய உட்டு எறங்கி வாசல்லயே படுத்துட்டா. அவளுக்கு எழுபது வயசு. வயசானா எல்லாத்துக்கும் தலை சுத்தும். வசந்தாமணி நிகழ்ச்சி முடியற வரைக்கும் ஒரு வாய் சாப்பிடல. பொண்ணுக்கு நல்ல காரியம், சந்தோசத்துல சாப்பிடலன்னு நெனச்சேன்.

வளையலெல்லாம் போட்டு முடிச்சு, மத்தியானம் மூணு மணிக்கு எறங்கறோம். பெரியக்கா வேனுல வர்றேன்னு போயிட்டா. மைதிலியும் அவ அம்மாவும் பின்னாடி. மாப்பிள்ளை கதவுப் பக்கம் குனிஞ்சு, "மாமா, மழைக்கு ரோடு அரிச்சிருக்குது, பாத்துங்க"ன்னாரு. அவரு எப்படி ஓட்டுவாருன்னு தெரியுங்களா? மூணாவது கியருக்கே போக மாட்டாரு. ஒரு கொரங்கு ரோட்டத் தாண்டுச்சுன்னா இஞ்சினையே ஆஃப் பண்ணிட்டு உக்காந்துக்குவாரு. அவரு எனக்குச் சொல்றாரு. சரிங்க மாப்பிள்ளைன்னேன். மரியாதைக்கு.

மேல இருந்து எறங்கும்போது நாப்பது, முப்பத்தொம்பதுன்னு எண்ணிக்கை கீழ வரும். முப்பத்தஞ்சு வரைக்கும் வண்டி நல்லாத்தான் போச்சு. நான்தான் மைதிலிகிட்டப் பேசிட்டு வர்றேன். "பாரு அம்மிணி, முன்ன எல்லாம் இந்த எடத்துல கதவுல போயி இடிச்சுக்குவ. இப்பப் பாரு, ஒக்காந்த எடத்துல ஒக்காந்திருக்கற"ன்னு. குழி இருந்துது, இல்லைங்கல. குழியில உழுந்தா வண்டி ரெண்டு பக்கமும் ஒரு ஒதறு ஒதறும். அது ரோடு பண்ணுன தப்பு. கம்பி என்ன பண்ணும்?

முப்பத்திமூணுல, "அப்பா, நிறுத்துங்க"ன்னா.

நான் நிறுத்த மாட்டேன்னா சொன்னேன்? சொல்லவே இல்ல. நல்லா வந்துட்டு இருக்குது வண்டி, நடுவுல நிறுத்துனா எப்படிங்க? "ஒண்ணும் ஆகாது அம்மிணி. வெளிய பாக்காத, இந்தக் குண்டப் பாரு. அசையுதான்னு பாரு. அதையே பாத்துட்டு வந்தாச் சரியாயிரும்"னேன். தப்பா சொன்னேன்? தைரியம் சொன்னேன். முப்பத்திரெண்டு, முப்பத்தொண்ணு. ரெண்டாவது தடவையும் கேட்டா. முப்பது, இருபத்தொம்பது. அப்பறம் அவ ஒண்ணும் கேக்கல. பாத்தீங்களா, சரியாயிருச்சுன்னு நான் நெனச்சேன். இருபத்தெட்டு. "குண்டு எத்தனை வெரல் போகுது அம்மிணி, சொல்லு"ன்னு கேக்கறேன், பின்னாடி இருந்து ஒரு கை வந்துது பாருங்க. வசந்தாமணி. இருபத்தெட்டு வருஷமா என்ன எதுத்து ஒரு வார்த்தை பேசாதவ. குண்டப் புடிச்சு ஒரே இழுப்பு. நூலு அறுந்துது. என்ற மடியிலயே போட்டா.

இருபத்தேழுல நிறுத்துனேன்.

மைதிலி எறங்குனா. வாந்தி எடுத்தா. ரோட்டோரக் கட்டச் செவுத்துல வயித்தப் புடிச்சுட்டு உக்காந்தா. நான் தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போனேன், வாங்கல. "நான் மேலயே போறம்ப்பா"ன்னா. கோவமாச் சொல்லியிருந்தாக் கூடப் பரவால்லீங்க, சாதாரணமாச் சொன்னா. போன் போட்டா, அரை மணி நேரத்துல மாப்பிள்ளை எஸ்டேட்டு ஜீப்ப எடுத்துட்டு வந்துட்டாரு. அந்த ஜீப்ப நீங்க பாக்கோணும். அதுக்கு என்ற வயசு இருக்கும். அதுல ஏறி உக்காந்துட்டா சார், இருபத்திநாலு மில்லிக் கம்பி போட்ட வண்டி வேண்டாம்னுட்டு! வசந்தாமணியும் என்ற காருல இருந்து பையத் தூக்கிட்டுப் போயி அதுல ஏறுனா. போகும்போது ஒண்ணே ஒண்ணு சொன்னா. "போசியெல்லாம் கழுவிக் கவுத்து வெச்சிருங்க."

பொண்ணக் கூட்டிட்டு வரப் போனவன், ஏழு வெறும் போசியோட வந்து எறங்கறேன். பக்கத்து ஊட்டு ஆளுக ஆரத்தித் தட்டோட நிக்கறாங்க. என்ன சொல்றது? மாப்பிள்ளை ஊட்டுல அனுப்பலன்னு சொல்லிட்டேன். பின்ன? அவருதான ஜீப்பு எடுத்துட்டு வந்தாரு.

கார்த்திகையில மேலயே பையன் பொறந்துட்டான். போட்டோ அனுப்புனாங்க. இந்தாங்க, பாருங்க. நெத்தி என்ற நெத்திதான். நான் போகல. எதுக்குப் போகோணும்? என்ன வான்னு ஒரு வார்த்தை கூப்பிடட்டும்னு இருந்தேன். வசந்தாமணி ரெண்டு தடவை சீலை எடுக்க வந்தா, பஸ்ஸுல வந்து பஸ்ஸுல போனா. "நல்லாத் தூங்கிட்டு வந்தங்க"ன்னு வேற சொல்றா. வேணும்னே சொல்றா! அந்தத் தொட்டில் கொக்கிய அவ பாத்தா, பாத்துட்டுப் பைய எடுத்துட்டுக் கெளம்பிட்டா. ஆறு மாசமா நடு ரூம்புல வெறும் கொக்கி தொங்கிட்டு இருக்குது சார். தலைக்கு மேல அதப் பாத்துட்டே சாப்புடறேன்.

போன வாரம் மைதிலியே கூப்புட்டா. "அப்பா, வந்து இவனப் பாருங்க. காரு வேண்டாம், பஸ்ஸுல வாங்க. பின்னாடி சீட்டுல உக்காந்து வாங்க. நீங்க வந்து சேருங்க, அப்பறம் நாங்க அங்க வர்றதப் பத்திப் பேசலாம்"னா. எப்படி இருக்குது குசும்பு? பெத்த அப்பனுக்குச் சீட்டு நெம்பர் போட்டுக் குடுக்கறா. இருபத்திரெண்டு வயசுல இருந்து ஸ்டீரிங்கு புடிக்கறவன் சார் நானு. அடுத்தவன் ஓட்டி நான் உக்காந்து போனதே கெடையாது. என்ற கல்யாணத்தன்னிக்கே மாப்பிள்ளைக் கார நானே ஓட்டிட்டுப் போனவன். ஆனாப் பேரன் மொகத்தப் பாக்கோணுமில்ல. அதான் ஏறுனேன், அவ சொன்ன பின்னாடி சீட்டுலயே.

இப்ப பாருங்க, பஸ்ஸு எப்படிச் சாயுது. உங்க தோளு என்ற மேல வந்து இடிக்குது. ஆனா இந்தக் குண்டு அசையக் காணமே? ஒரு வெரல் கூடப் போக மாட்டேங்குது. முடிச்சு எங்கியாச்சும் மாட்டியிருக்கும். இந்த டிரைவரு வேற, நடந்து போறவன் தாண்டிருவான் போல இருக்குது, அப்படி ஓட்டறாரு. இத்தனை மெதுவாப் போயா வளைவு ஏறோணும்? இருங்க, முடிச்ச நேராப் பண்றேன். இதையே உத்துப் பாத்துட்டு இருந்தாத் தெரியும், அசையுதா இல்லையான்னு.

இட்லி சரியில்லீங்க. காலையில பஸ் ஸ்டேண்டுல ரெண்டு இட்லி தின்னேன், மாவு புளிச்சுப்போச்சு போல. இல்லல்ல, எனக்கென்ன. எனக்கு அதெல்லாம் வராது. வேர்க்குதா? கூட்டமான பஸ்ஸு, வேர்க்கத்தான் செய்யும். இது எத்தனாவது வளைவுங்க? பதினெட்டா? இன்னும் பதினெட்டுதானா?

சித்த அந்தக் கேரிபேக்கு. இல்ல, வேண்டாம். சார். சார், சித்த நிறுத்தச் சொல்லுங்க.

...

நன்றிங்க. போதும், தண்ணி போதும். துண்டு இருக்குது.

எல்லாரும் பாக்கறாங்களா? பாக்கட்டும்.

ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன். நான் நிறுத்தச் சொன்னனுங்கல்ல, அதுக்கப்பறம் எத்தனை வளைவு தாண்டி நிறுத்துனாருங்க? தாண்டவே இல்லையா? அங்கயேவா? நீங்க குரல் குடுத்ததும் அங்கயே ஓரங்கட்டிட்டாரா? அம்பது பேரு இருக்கற பஸ்ஸு. நான் யாருன்னு அவருக்குத் தெரியுமா, எவருன்னு தெரியுமா. கண்டக்டரு வந்து முதுகத் தடவி உடறாரு, "மெதுவா வாங்கய்யா, அவசரமில்ல"ங்கறாரு.

நாங்க ஆறு வளைவு போனமுங்க. முப்பத்திமூணுல கேட்டா, இருபத்தேழுலதான் நின்னேன். இந்த பஸ்ஸு ஊந்துட்டுப் போகுது, அதுலயே எனக்குக் கொடலு வாய்க்கு வந்துருச்சு. நான் அன்னிக்கு எவ்வளவுல எறங்குனேன் தெரியுங்களா? அவ வயித்துல ஏழு மாசப் புள்ள. குண்டப் பாருன்னு சொன்னேன் சார். எத்தனை வெரல் போகுதுன்னு கேட்டேன். அவ சத்தமில்லாம இருந்தது சரியாயிருச்சுன்னு இல்ல. வாயத் தொறக்க முடியல அவளால. இப்ப எனக்கு முடியலையே, அப்படித்தான் இருந்திருக்கும். இருபத்தெட்டு வருஷமா அவ அம்மாளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், பக்கத்துல நான் பேசிட்டே ஓட்டியிருக்கறேன்.

அதுக்குத்தான் பஸ்ஸுல வரச் சொல்லியிருக்கறா. பின்னாடி சீட்டுல.

கம்பிய மாத்திரலாமுங்க. அது அரை நாள் வேலை. அந்த ஆறு வளைவ என்னங்க மாத்தறது?

அந்தப் பழத்தச் சித்தக் குடுங்க. மோந்து பாத்துட்டுத் தர்றேன். ம். வாசம் நல்லாத்தான் இருக்குது. இந்தக் குண்ட அவுத்துப் பையில போட்டுடறேன், கண்ணு முன்னாடி தொங்கிட்டே இருக்க வேண்டாம். இருபத்தேழு வந்தா மட்டும் சொல்லுங்க. அந்தக் கட்டச் செவுத்த ஒருக்காப் பாக்கோணும்.

உங்க போன்ல டவர் இருக்குதுங்களா? என்றதுல இல்ல. கோயமுத்தூருக்கு ஒரு போன் போடோணும். டேவிட்டுக்குத்தான். அவன் சொன்னது சரின்னெல்லாம் நான் சொல்லப் போறதில்ல, அந்த நெனப்பே வேண்டாம். சும்மா, அந்தப் பழைய கம்பி துருப்புடிக்காம இருக்குதான்னு மட்டும் கேப்பேன்.